உப்புப் படாத பெட்டி

இரண்டும் வெள்ளையாக இருந்தன. கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, எது புடிக்குதோ எடுத்துக்குங்கண்ணே என்று சொல்லி, கயிறு கேட்டு வந்த ஆளைக் கவனிக்க ஹபீபுல்லா பாய் அந்தப் பக்கம் போய்விட்டார். பிடிக்கிறதாவது. வெற்றிலைப் பெட்டி அளவுக்கு ஒன்று, அதைவிடக் கொஞ்சம் அகலமாக இன்னொன்று. முகத்தில் சல்லடை மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள், அமுக்க ஒரு பட்டன், மிளகு அளவுக்கு ஒரு விளக்கு. படகின் அறைக்குள் விஷக்காற்று சேர்ந்தால் கத்துகிற மெஷின். கார்பன் மோனாக்சைடு என்று அட்டையில் போட்டிருக்கிறது. அந்தப் பேரை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்து, அர்ச்சனைக்குச் சொல்கிற பேரைப்போல மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். சின்னதைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. அதே ஓட்டைகள், அதே பட்டன், ஓரத்தில் அதே வளைவு. பெரியவன் சரண்ராஜ் படகில் இருந்தது இதுதான். இதன் கூடப்பிறந்ததுதான் அவன் தலைமாட்டில் இருந்தது, அவன் செத்துக்கொண்டிருக்கும்போது சும்மா இருந்தது. ராத்திரி பூராவும் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரெசர் பக்கத்தில் நின்றுவிட்டு, குளிக்காமல்கூட பாண்டிச்சேரியில் முதல் பஸ்ஸைப் பிடித்து இந்த மண்ணடிச் சந்துக்கு வந்து நிற்பது இதைத் திரும்பவும் பார்க்கத்தானா. சின்னவன் லோகேஷ் வெள்ளிக்கிழமை வேலையில் சேர்கிறான், அதே முதலாளி, புதுப் படகு, வெளியூர்க்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய் சூரியன் இறங்குவதைக் காட்டிவிட்டுத் திரும்புகிற படகு, உள்ளே ஏசி அறை, பின்னால் ஜெனரேட்டர். வேணாண்டா என்றேன். "நான் இன்னா உன்ன மாதிரி ஐஸ் கம்பெனிக்கா போவேன், வெளவாலாட்டம் ராத்திரி பூரா முழிச்சிக்கினு" என்றான். அவன் அம்மா செங்கேணி அவனைத் தடுக்கவில்லை. என் பக்கம்தான் திரும்பினாள். "மொதலாளி வெக்கறத நம்பி அனுப்ப மாட்டேன். நீங்களே மெட்ராஸ் போயி, நின்னு பாத்து வாங்கினு வாங்க. அது வந்தாத்தான் இவன் படகுல கால வெப்பான்." நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நின்று பார்க்கிறதற்கு இது மீனா, செவுளைத் தூக்கிப் பார்த்து ரத்தம் சிவப்பாக இருக்கிறதா என்று சொல்ல.

பாய் கயிற்றுக்காரனிடமிருந்து திரும்பி வந்தார். அளக்கிற மரக்கோல் கையிலேயே இருந்தது. "இன்னாண்ணே, பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டான்." நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். "ரெண்டுமே படகுக்குன்னு செஞ்சதுதான். வீட்டுக்கு விக்கறத எடுத்துனு போயி போட்ல மாட்டாதீங்க, ஆட்டத்துக்கும் உப்புக்கும் அது தாங்காது. இந்தச் சின்னதுல பேட்டரி உள்ளயே வெச்சு அடைச்சிருக்கும், மாட்டினா வேல முடிஞ்சுது. பெருசுக்கு போட் பேட்டரிலேர்ந்து ஒயர் இழுக்கணும், ஆனா எவ்ளோ இருக்குன்னு நம்பர் காட்டும். எது வாங்கினாலும் பின்னாடி தேதி போட்டிருக்கும், பாத்துக்குங்க, அந்தத் தேதி வந்துட்டா தூக்கிப் போட்டுடணும். இதுங்களுக்கும் வயசாகும்." எங்கே மாட்டணும் பாய் என்று கேட்டேன். தெரியும். தெரிந்ததையே வேறு ஒருவர் வாயால் கேட்க வேண்டும்போல் இருந்தது. "படுக்கறவன் தல எங்க இருக்கோ அதுக்குப் பக்கத்துல. சிலிண்டர் கேஸ்னா கீழ எறங்கும், தரையோரமா வெக்கணும். பொகைன்னா மேல ஏறும். இது மேலயும் போவாது கீழயும் வராது, காத்தோட காத்தா நிக்கும். தூங்கறவன் மூக்கு இருக்கற எடம்தான் இதுக்கும் எடம்." தூங்குகிறவன் மூக்கு. குழந்தையில் சரண் குப்புறத்தான் படுப்பான், மூக்கு நசுங்கிவிடும் என்று செங்கேணி புரட்டிப் போடுவாள், புரட்டிப் போட்ட கை எடுப்பதற்குள் திரும்பவும் குப்புற. பெரியவனாகி மீசை முளைத்தும் அப்படித்தான். படகிலும் அப்படித்தான் கிடந்தானாம். மழை என்று ஜன்னலை இழுத்துச் சாத்தியிருக்கிறான், மறுநாள் காலை வரப்போகிறவர்களுக்காக ஐஸ்பெட்டி ஓட வேண்டும் என்று ஜெனரேட்டரை ஓடவிட்டிருக்கிறான், பின்பக்கமாகப் போக வேண்டிய புகையைக் காற்று திருப்பி உள்ளே தள்ளியிருக்கிறது. புகை என்கிறேன், புகைகூட இல்லை அது. எங்கள் கம்பெனியில் அமோனியா இருக்கிறது, ஒரு வளையம் தேய்ந்து ஒரு துளி கசிந்தால் போதும், கண்ணில் மிளகாய்ப்பொடி தூவிய மாதிரி எரியும், தெருக்கோடி வரை ஆள் ஓடுவான். எத்தனையோ தடவை அதைத் திட்டியிருக்கிறேன். இப்போது திட்டுவதில்லை. அது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறது. இதற்கு நாற்றம் இல்லை, நிறம் இல்லை, இருமல் இல்லை. லேசாகத் தலை வலிக்குமாம், தூக்கம் வருமாம். நாள் பூரா வெயிலில் சுக்கான் பிடித்தவனுக்குத் தலை வலிக்காதா, தூக்கம் வராதா. பழைய பேப்பர் கடையில் பொறுக்கின ஒரு டாக்டர் புஸ்தகத்தில் போட்டிருந்தது, ரத்தம் நல்ல காற்றைத் தள்ளிவிட்டு இந்தக் காற்றைத்தான் முந்திக்கொண்டு வாங்கிக்கொள்ளுமாம். நம் ரத்தத்துக்கே நம்மைத் தெரியவில்லை.

அது கத்தாமல் போனதற்குக் காரணம் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். முதலாளிக்குத் தெரியாது, விசாரிக்க வந்த போலீசுக்குத் தெரியாது, லோகேஷுக்குத் தெரியாது. மெஷின் ஓட்டை, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள், நானும் தலையை ஆட்டினேன், ஆட்டினதோடு நிற்காமல் நானே நாலு பேரிடம் சொன்னேன். ஓட்டை இல்லை. ஓட்டை இல்லாமல் போனதுதான் விஷயம். முதலாளி வாங்கிக்கொடுத்த அன்றைக்கு சரண் அதை நேராகப் படகுக்குக் கொண்டுபோகாமல் வீட்டுக்கு எடுத்து வந்தான், அம்மாவிடம் காட்ட. எது புதுசாக வாங்கினாலும் அவனுக்கு அப்படி. செங்கேணி அப்போது கருவாடு பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். நெத்திலியும் காரப்பொடி மீனும் பாலிதீன் பையில் அளந்து போட்டு, பையின் வாயை இரும்பறுக்கிற பிளேடில் மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு இழுப்பு. ஒட்டிக்கொள்ளும். ஈ போகாது, எறும்பு போகாது, அடுத்த மழைக்காலம் வரை ஈரம் போகாது. அவள் போட்ட பாக்கெட்டிலிருந்து கருவாட்டு வாசம்கூட வெளியே வராது, அதனால்தான் பஸ்ஸில் போகிறவர்கள் அவளிடம் தேடி வந்து வாங்குவார்கள். "இன்னாடா இது, இவ்ளோ வெள்ளையா. உப்புக்காத்துல ரெண்டு மாசத்துல பல்லிளிச்சிடும்" என்றாள். இருந்ததிலேயே நல்ல கனமான பையாக எடுத்து, மெஷினை உள்ளே வைத்து, நாலு பக்கமும் இழுத்துப் பிடித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினாள். தைத்துப் போட்ட சட்டை மாதிரி இருந்தது. சந்தனம் தொட்டு ஒரு பொட்டு வைத்தாள். எங்கள் வீட்டில் என்ன, எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், கடல் ஓரத்தில் கவர் போடாத சாமான் பொரிந்துபோகும், ரிமோட், கடிகாரம், மிக்சி, ஃப்ரிஜ்ஜின் கைப்பிடி, லோகேஷ் வண்டியின் சீட், எல்லாம் அவள் கையால் கவர் போட்டவைதான். சரண் கவருக்கு மேலேயே பட்டனை அமுக்கப் போனான். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்குது வேணாண்டா என்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு படகில் அமுக்கிப் பார்த்திருக்கிறான், கத்தியிருக்கிறது. தினம் கிளம்பும்போது அமுக்கிப் பார்ப்பானாம், தினம் கத்துமாம். கத்தும். அமுக்கினால் கத்துவது வேறு, காற்று உள்ளே போய்க் கத்துவது வேறு என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவனுக்கு. எனக்கே அவன் போன பிறகு படித்துத்தான் தெரியும்.

அவன் சாமான்களை முதலாளி வீட்டு ஆள் ஒரு துணிப்பையில் கொண்டுவந்து கொடுத்தபோது பகல். செங்கேணி துக்கத்துக்கு வந்தவர்களோடு குளத்தங்கரைக்குப் போயிருந்தாள். நான் மட்டும்தான் வீட்டில். செருப்பு, போன், கறுப்புக் கண்ணாடி, ஒரு சட்டை, சட்டைக்குள் சுற்றி அந்த மெஷின். கவரோடு. சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்து, இன்னும் உதிராமல். அட்டைப்பெட்டியில் போட்டிருந்த படம் ஞாபகம் வந்தது, ஓட்டைகளின்மேல் ஒரு கை, கையின்மேல் ஒரு பெருக்கல் குறி. மூடாதே. அதை நான் அன்றைக்கே பார்த்திருந்தேனா, பார்க்கவில்லையா, இல்லை பிற்பாடு பார்த்ததை அன்றைக்குப் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறேனா, அந்த இடத்தில் வந்து வந்து சிக்கிக்கொள்கிறது புத்தி, தூண்டில் முள் மாதிரி, இழுத்தால் சதையோடு வருகிறது. அதை விடு. கவரைப் பிளேடால் கீறி எடுத்தேன். அவள் திரும்பி வருவதற்குள் அது இல்லாமல் போக வேண்டும். குப்பையில் போட்டால் தெரியும், கடலில் போட்டால் திரும்பி வரும், அடுப்பில் போட்டேன். சுருங்கிச் சுருங்கி, கறுத்து, சொட்டுச்சொட்டாக எரிந்தது. அவள் உள்ளே வந்ததும் வாசலிலேயே நின்று மூக்கைத் தூக்கினாள். "இன்னா நாத்தம்?" பிளாஸ்டிக் கப் அடுப்புமேல் விழுந்துட்டுது என்றேன். சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்தாள், செருப்பை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள், போனைத் துடைத்தாள், கடைசியில் இந்த வெள்ளைப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "புதுசாட்டம் இருக்குது" என்றாள். அவ்வளவுதான். அழுது அழுது களைத்த வாய் எதையாவது சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் பாடு இதுதான். எதை வாங்கிப் போனாலும் அவள் கவர் போடுவாள். கைக்குப் பழகினது, கேட்டா செய்யும், வெள்ளையைப் பார்த்தால் பையைத் தேடும். போடாதே என்று சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், மீதியை அவளே போட்டுப் பார்த்துவிடுவாள், பையன் தலைமாட்டில் தன் கையால் ஒட்டின பொட்டலத்தைப் பார்த்துவிடுவாள், அதற்குப் பிறகு அந்தக் கைகளை எங்கே கொண்டுபோய் வைப்பாள். சொல்லாமல் விட்டால் லோகேஷ். சொன்னால் இவள். பஸ்ஸில் வரும்போது எல்லா வழியும் யோசித்தேன். வீட்டுக்கே கொண்டுபோகாமல் நேராகப் படகில் மாட்டிவிடலாம், ஆனால் கண்ணால் பார்க்காமல் அவனை அனுப்ப மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். லோகேஷிடம் ரகசியமாகச் சொல்லி படகில் கவரைக் கிழிக்கச் சொல்லலாம், ஏன்பா என்பான் அவன், அவனும் அவள் வயிற்றில் பிறந்தவன், அவன் முகத்தைப் பார்த்தே அவள் படித்துவிடுவாள். கவர் போட்டால் கம்பெனிக்காரன் பொறுப்பேற்க மாட்டானாம் என்று பொய் சொல்லலாம். அப்போ சரணுக்குப் போட்டதுக்கு மட்டும் எப்படி என்பாள். எங்கே போனாலும் அந்த ஒரே வாசல். "பாய்," என்று கூப்பிட்டேன், கேட்கும்போதே அசட்டுத்தனமாக இருந்தது, "கவர் போட முடியாத மாதிரி ஏதாவது இருக்குதா? கோணலா, முள்ளுமுள்ளா, சுவத்துக்குள்ள பதிக்கற மாதிரி?" பாய் மரக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "நல்லா கேட்டீங்க போங்க. எல்லாரும் பாய் கூட ஒரு கவர் குடுங்க, ரெண்டு கவர் குடுங்கன்னுதான் உசுர வாங்குவான். கவர் போட முடியாத சாமானா? அண்ணே, நம்ம ஆளுங்க கெடச்சா கடலுக்கே கவர் போட்டுடுவானுங்க." கயிற்றுக்காரன் சிரித்தான். நானும் பார்த்தேன், பாயின் கால்குலேட்டருக்குக் கவர், பில் போடுகிற மெஷினுக்குக் கவர், அவர் உட்காருகிற சுழல் நாற்காலியின் முதுகில் வாங்கின அன்றைய பாலிதீன் கிழிந்து கிழிந்து தோரணமாகத் தொங்குகிறது. அவரிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் இருந்தது. முன்னே பின்னே தெரியாத ஆள், அழுதால் டீ வாங்கிக்கொடுப்பார். சொல்லவில்லை. நம்பர் காட்டுகிற பெரியதைக் கையில் எடுத்தேன். கனமாக இருந்தது. ஒயர் போட வேண்டும், ஒயர் வெளியே வர ஒரு பக்கம் திறந்தே இருக்க வேண்டும், அதனால் இதை முழுசாக ஒட்ட முடியாது என்று ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. வந்த உடனே போயிற்று. ஒயரைச் சுற்றியும் ஒட்டுவாள். மிக்சிக்கு அப்படித்தான் ஒட்டியிருந்தாள்.

வெயில் சந்துக்குள் இறங்கி மேசைக் கண்ணாடியில் படுகிறது. கண் எரிகிறது, தூக்கம் கேட்கிற கண். பகலில் தூங்குகிறவனுக்கு வீடு வேறு வீடு. இப்போதெல்லாம் பகலில்கூடத் தூக்கம் வருவதில்லை, சரண் போனதிலிருந்து சுவர்க் கடிகாரம் சத்தமாக ஓடுகிறது, முன்னே அது ஓடுவதே தெரியாது, இப்போது தலைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக. வயசாகிறது, காது கூர்மையாகிறது, துக்கம் காதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று என்னென்னமோ நினைத்துக்கொள்கிறேன். டிவியைப் போட்டால் அதன் சத்தத்தில் கடிகாரம் அமுங்கும் என்று ரிமோட்டை எடுப்பேன், ரிமோட் கையில் வேறு மாதிரி இருக்கிறது, வழுக்கலாக, மெலிசாக, யாரோ வேறு வீட்டு ரிமோட் மாதிரி. எல்லாம் வேறு வீடாகத்தான் இருக்கிறது. சுவரில் அவன் படம். சட்டம் போட்டுக் கொடுத்த கடைக்காரன் பாலிதீன் சுற்றித்தான் கொடுத்தான், மாலை போடுவதற்கு முன்னால் செங்கேணி அதைக் கிழித்துப் போட்டாள், நகத்தால், ஒரே இழுப்பில். படத்தில் அவன் கறுப்பாக இருக்கிறான். என்னை மாதிரி. ஆனால் ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது கன்னம் இரண்டும் சிவந்து இருந்தது, கல்யாண மாப்பிள்ளைக்குப் பூசிவிட்ட மாதிரி, உயிரோடு இருந்தபோது ஒருநாளும் இல்லாத நிறம். தூங்கறாப்பல இருக்கான் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அந்தக் காற்று ரத்தத்தோடு சேர்ந்தால் அப்படி ஒரு சிவப்பு வருமாம், அதுவும் அந்தப் புஸ்தகத்தில் இருந்தது, படித்தபிறகு புஸ்தகத்தைத் திரும்பவும் பழைய பேப்பர் கடையிலேயே போட்டுவிட்டேன். செங்கேணி மட்டும் தூங்கறாப்பல என்று சொல்லவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். எழுப்புகிற மாதிரி ரெண்டு தட்டுத் தட்டினாள், லேசாக, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்கிற மாதிரி.

சட்டைப்பையில் போன் நடுங்கியது. அவள்தான். "வாங்கிட்டீங்களா?" பின்னால் ஒரு சத்தமும் இல்லை. இந்த நேரத்துக்கு அவள் மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்திருக்க வேண்டும், பை சரசரக்க வேண்டும். "பாத்துக்கினு இருக்கேன். ரெண்டு காட்டறாரு." "சாப்பிட்டீங்களா?" "ம்." "பொய் சொல்லாதீங்க." பிறகு கேட்டாள். "சரணுக்கு இருந்ததே அங்க இருக்குதா?" இல்லை என்று சொல்லியிருக்கலாம். "இருக்குது," என்றேன். "ஆனா வேணாம் செங்கேணி, அது சரியில்ல, அது ஓட்ட மெஷின், இன்னொண்ணு பெருசா நம்பரெல்லாம் காட்டற மாதிரி" என்று நான் பேசிக்கொண்டே போக, அவள் குறுக்கே சொன்னாள். "அதையே வாங்குங்க. அது ஒண்ணும் ஓட்ட இல்ல." குரல் ஏறவில்லை, இறங்கவில்லை, மீன் விலை சொல்கிற குரல். "புதுசுன்னா அதும்மேல மெலிசா கவர் ஒட்டியிருப்பான். அங்கயே உரிச்சிட்டு எடுத்துனு வாங்க. ஊட்டுக்குக் கவரோட வேணாம்."

கடிகாரம். ரிமோட். மிக்சியும் சும்மா வெறும் மிக்சியாகத்தான் நிற்கிறது சமையல்கட்டில், நேற்றுகூடப் பார்த்தேன், பார்த்தேன் என்பதே இப்போதுதான் தெரிகிறது. ஃப்ரிஜ்ஜின் கைப்பிடி ஜில்லென்று இருந்தது, லோகேஷ் வண்டி சீட் வெயிலில் கறுப்பாக மின்னியது. நான் கம்பெனியில் இருந்த ராத்திரிகளில், தூக்கம் வராமல், ஒவ்வொன்றாக உரித்திருக்கிறாள். யார் சொன்னார்கள் அவளுக்கு. யாரும் சொல்ல வேண்டாம். நாளெல்லாம் பாலிதீன் எரிக்கிற மூக்குக்கு அது பிளாஸ்டிக் கப்பின் நாற்றமாகத் தெரியுமா. உப்புக்காற்றில் ரெண்டு வருஷம் கிடந்த பெட்டி புதுசாட்டம் இருந்தால், எதனால் புதுசாட்டம் இருக்கும் என்று கவர் போட்டவளுக்குத் தெரியாதா. கவரை எரித்தேன், அது காப்பாற்றி வைத்திருந்த வெள்ளையை என்ன செய்ய முடிந்தது என்னால். அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாளே, அப்போதே. தெரிந்துகொண்டு, எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்துகொண்டு, நான் நாலு பேரிடம் ஓட்டை மெஷின் என்று சொன்னபோதெல்லாம் பக்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "லைன்ல இருக்கீங்களா?" என்றாள். இருக்கேன் என்றேன். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு சின்னதை எடுத்தேன். ஆமாம், முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மெலிசில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நகத்தைக் கொடுத்து மூலையைக் கிளப்பினேன். "அண்ணே அண்ணே, அத உரிக்காதீங்க, உரிச்சா ரிட்டன் எடுக்க மாட்டேன்" என்று பாய் கை நீட்டிக்கொண்டு வந்தார், என் முகத்தில் என்ன பார்த்தாரோ, நீட்டின கையோடு நின்றுவிட்டார். சரட்டென்று வந்தது. விரலில் ஒட்டிக்கொண்டு போகவில்லை, உதறினேன், இன்னொரு விரலில் ஒட்டிக்கொண்டது. "உரிச்சிட்டேன்," என்றேன். "கத்த வையுங்க," என்றாள். "அன்னிக்கு நான்தான் அவன் கையப் புடிச்சிக்கினேன். கேக்கவே இல்ல நானு." அமுக்கினால் கத்துவது வேறு என்று அவளுக்குச் சொல்லவில்லை, அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கும். போனைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினேன்.

கத்தியது. கடை முழுக்க, சந்து முழுக்க, காதைக் கிழித்துக்கொண்டு, விட்டுவிட்டு நாலு நாலாக. கயிற்றுக்காரன் காதைப் பொத்தினான். எதிர்க்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சுமை தூக்கிக்கொண்டு போனவன் மூட்டையோடு திரும்பினான். நின்றதும் சந்தே அமைதியாக இருந்தது. போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. "இவ்ளோ சத்தமாவா," என்றாள். பிறகு, குழந்தை எழுந்துவிடப் போகிறதே என்று பேசுகிறவள் மாதிரி மெதுவாக, "எழுந்திருப்பான் இல்ல?" என்றாள். நான் திரும்பவும் பட்டனை அமுக்கினேன்.